சிப்பிப்பாறை இருக்கும் வீட்டுக்கு ஜாக் ரஸ்ஸல் குட்டி ஒத்துவருமா?

வடவள்ளிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூர் வடவள்ளியில், ஐந்து சென்ட் மனையில் கட்டிய தனி வீட்டில் வசிக்கிறோம். எங்களிடம் 6 வயதுள்ள சிப்பிப்பாறைப் பெட்டை நாய் ஒன்று இருக்கிறது. பெயர் வெள்ளி; எடை 18 கிலோ; கருத்தடை அறுவை செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பெங்களூருவில் என் மைத்துனர் வளர்க்கும் ஜாக் ரஸ்ஸல் டெரியரைக் கோடை விடுமுறையில் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, அதே போல் ஒன்று நமக்கும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அந்த ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒருவரிடம் 45 நாள் பெட்டைக் குட்டி ஒன்று இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கொடுத்தால் எங்களுக்காக நிறுத்திவைப்பதாகச் சொல்கிறார். "சின்ன ஜாதிதானே, பெரிய நாய்க்கு அடங்கிப் போய்விடும்" என்பது அவர் தரும் உறுதி. ஆனால் டெரியர் என்றாலே சண்டைக்கார நாய் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். இரண்டில் எது உண்மை என்று தெரியாமல் குழம்பிப் போயிருக்கிறேன்.

வெள்ளியின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டுப் பொமேரேனியன் எவ்வளவு குரைத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். எங்களோடு மிகவும் சாது. சாப்பிடும்போது மட்டும் யார் அருகில் போனாலும் உறுமுவாள். அணிலைக் கண்டால் துரத்துவாள். சென்ற ஆண்டு காம்பவுண்டுச் சுவரேறி உள்ளே வந்த ஒரு பூனைக்குட்டியை, நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் முடித்துவிட்டாள். அதை இன்னும் என் மகளிடம் முழுதாகச் சொல்லவில்லை. பகலில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். முழங்கால் வலியுள்ள என் அம்மா மட்டும் வீட்டில் இருப்பார். இந்தச் சூழலில் அந்தக் குட்டியை வாங்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எலிப்பொறி:

வடவள்ளி நண்பருக்கு, சென்னை பள்ளிக்கரணையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பட்டாணி என்கிற ஜாக் ரஸ்ஸல் ஆண் நாயும், அவனுக்கு மூன்று வயது மூத்த லேப்ரடார் பெட்டையும் 7 ஆண்டுகளாக ஒன்றாக வாழ்கின்றன. எனவே ஒத்துவரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவர் சொன்ன அந்த "அடங்கிப் போய்விடும்" என்ற வாக்கியத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 28 கிலோ லேப்ரடார் வாசல் மிதியடியில் படுத்திருந்தால், பட்டாணி போய் அதன் காதைப் பிடித்து இழுத்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வான். எங்கள் வீட்டில் அடங்கிப் போனது பெரிய நாய்தான்.

இதற்குக் காரணம் அந்த இனம் உருவான விதத்தில் இருக்கிறது. டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் (1795–1883) நரி வேட்டையில் பித்துக் கொண்டவர். 1819-இல், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பால்காரரிடமிருந்து 'டிரம்ப்' என்ற பெட்டையை வாங்கி, அதிலிருந்து இந்த வம்சத்தைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். நரி வளைக்குள் போய் ஒளிந்துகொண்டால், பின்னாலேயே உள்ளே நுழைந்து, அங்கேயே நின்று குரைத்து, நரியை வெளியே கிளப்பிவிடுவதுதான் இந்த நாயின் வேலை. மண்ணுக்கடியில், இருட்டில், தன்னைவிடப் பல்லும் எடையும் குறையாத ஒரு மிருகத்துக்கு முன்னால், எசமானின் குரல்கூட எட்டாத இடத்தில், பின்வாங்காமல் தானே முடிவெடுக்கும் நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அந்த நாயைக் கொண்டுவந்து கூடத்தில் விட்டுவிட்டு, அது மூத்த நாய்க்கு வழிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

அன்றாட விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று மாதங்கள் எங்கள் லேப்ரடார் தூங்கவே இல்லை. கடைசியில் அது மாடிப்படித் திருப்பத்தில் போய்ப் படுக்கப் பழகிக்கொண்டது. குட்டியாக இருந்த பட்டாணியால் அவ்வளவு படி ஏற முடியாது என்பதை அது எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. குட்டி வளர்ந்து அந்தப் படிகளையும் ஏறத் தொடங்கிய பிறகு, நாங்கள் நடுவில் ஒரு மரத்தடுப்பு வைத்தோம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வெளியே கூட்டிப் போகாவிட்டால் ரோஜாத் தொட்டிகளில் ஒன்று மிச்சமிருக்காது. உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். காலுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும் இந்த நாயோடு பகல் முழுவதும் அவரைத் தனியே விடுவதைப் பற்றித்தான் நான் முதலில் யோசிப்பேன்.

இவ்வளவு சொன்னாலும், எங்கள் இரண்டும் இன்று ஒரே பாயில் படுக்கின்றன. ஒன்று ஆண், மற்றது பெட்டை. அதிலும் லேப்ரடார் எதையும் பொறுத்துக்கொள்ளும் பிறவி. உங்கள் வெள்ளி அப்படிப்பட்டவளாகத் தெரியவில்லை.

மதுரைக் கால்நடை மருத்துவர்:

வணக்கம் ஐயா. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதென்றால், பொள்ளாச்சியில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட குட்டியை நீங்கள் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் வயது. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள், நிறைவடையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். இதை வெறும் காகிதச் சட்டமாக நினைக்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்ற நாய்க்கு வலிக்கும், எப்போது விளையாட்டை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஒரு குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான். கடிப்பதில் ஏற்கெனவே நாட்டமுள்ள இனத்தில் அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்திக் கொண்டுவந்தால், மீதியைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு உங்கள் வெள்ளியின் தலையில் விழும். அவள் சொல்லிக்கொடுக்கும் முறை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

இரண்டாவது, பெட்டையும் பெட்டையும். ஒரே வீட்டு நாய்களுக்கிடையே வரும் சண்டைகளில், இரண்டு பெட்டைகளுக்கிடையே மூளும் பகைதான் பெரும்பாலும் ஆழமானது, ஆறாதது. குட்டியாக இருக்கும் வரை மூத்தது பொறுத்துக்கொள்ளும். ஒன்றரை, இரண்டு வயதில் இளையது முழு வளர்ச்சி அடைந்ததும் ஒரு நாள் வாசற்படியில் யார் முன்னால் போவது என்று தொடங்கி, அதன் பிறகு இரண்டையும் ஒரே அறையில் விட முடியாத நிலைக்கு வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். டெரியர்களின் இந்த இயல்பு பழைய ஆய்விலும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில், ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து இன நாய்க்குட்டிகளை ஒரே மாதிரியான சூழலில் வளர்த்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அதில் பீகிள், காக்கர் ஸ்பேனியல் குட்டிகள் ஒன்றாகவே வளர்ந்தன. கம்பிமுடி ஃபாக்ஸ் டெரியர் குட்டிகளோ கூட்டாகச் சேர்ந்து ஒன்றைக் குறிவைத்துத் தாக்கியதால், அவற்றைப் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. அவை வெறும் சில வாரக் குட்டிகள். உங்களுடைய ஜாக் ரஸ்ஸல் அந்த ஃபாக்ஸ் டெரியருக்கு நெருங்கிய உறவு.

மூன்றாவதாக நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் கவலையளிப்பது. நீங்கள் டெரியரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ கவலை சிப்பிப்பாறையைப் பற்றி. அது கண்ணால் கண்டதைத் துரத்திப் பிடிக்கும் முயல்வேட்டை நாய். பொமேரேனியனை அவள் கண்டுகொள்ளவில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் அது சுவருக்கு அந்தப் பக்கம் நின்று குரைக்கிற நாய். அவளுக்கு முன்னால் ஓடுகிற நாய் அன்று. இப்படிப்பட்ட நாய்களிடம், விளையாட்டாகத் தொடங்கிய துரத்தல், சின்ன நாய் கீச்சென்று கத்திய ஒரு கணத்தில் வேட்டையாக மாறிவிடுவது உண்டு. அதில் கோபமோ பகையோ இருக்காது; முன்கூட்டியே உறுமலும் வராது. பூனைக்குட்டி விஷயத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி, ஏனென்றால் அதுதான் இங்கே தீர்மானிக்கும் தகவல். எட்டு வாரக் குட்டி ஒன்றரைக் கிலோகூட இருக்காது, வளர்ந்த பிறகும் 6 கிலோ அளவில்தான் நிற்கும். 18 கிலோ நாய் அதைக் கழுத்தில் பிடித்து ஒருமுறை உதறினால் என்னிடம் கொண்டுவர நேரம் இருக்காது.

சாப்பிடும்போது உறுமுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்காக அவளைத் திட்டாதீர்கள். உறுமல் என்பது அவள் தரும் எச்சரிக்கை. அதைத் திட்டி நிறுத்தினால் எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும், கடி நிற்காது. எந்த இரண்டாவது நாய் வந்தாலும், தட்டுகளைத் தனித்தனி அறையில், கதவைச் சாத்தி வைக்க வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு செய்திகள் டெரியர் வளர்க்க நினைக்கும் எவருக்கும். எலி, பெருச்சாளி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம். அது சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிப்பதோடு மனிதருக்கும் தொற்றும். ஆகவே அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். மருதமலை அடிவாரத்துப் பக்கம் பாம்பு நடமாட்டம் இருக்கும். சிப்பிப்பாறை விலகி நின்று குரைக்கலாம். டெரியர் பொந்துக்குள் மூக்கை விடும். அடுத்தது கண். இந்த இனத்தில் கண்வில்லையைத் தாங்கும் நார்கள் நடுவயதில் அறுந்து, வில்லை இடம்பெயர்ந்து பார்வை போகும் பரம்பரை நோய் உண்டு. அதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. தாய்க்கும் தந்தைக்கும் அந்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலைக் காட்டிலும், அந்தக் கேள்வியை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே உங்களுக்குப் பலவற்றைச் சொல்லிவிடும்.

லீட்ஸ்வாசி:

மருத்துவர் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் போனால் படம் முழுமையாகாது. நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் பெட்டை ஒன்றைத் தத்தெடுத்து வளர்த்தோம். அதுவும் சிப்பிப்பாறையைப் போலவே கண்ணால் துரத்தும் நாய். அதற்கு எட்டு வயதானபோது ஒரு பார்டர் டெரியர் பெட்டைக் குட்டி எங்களிடம் வந்தது. இரண்டும் பெட்டைதான், ஒன்று வேட்டைநாய், மற்றது டெரியர். நீங்கள் பயப்படும் அதே கலவை. மூத்தது காலமாகும் வரை நான்கு ஆண்டுகள் ஒரு கீறல்கூட விழவில்லை.

அது அதிர்ஷ்டத்தால் மட்டும் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். பந்தயத்தில் ஓடிய கிரேஹவுண்டுக்கு வாய்க்கூடை போட்டுக்கொள்வது பழகிய ஒன்று. முதல் ஆறு வாரங்கள், குட்டி தரையில் இருக்கும் நேரமெல்லாம் மூத்ததுக்கு வாய்க்கூடை போட்டே வைத்திருந்தோம். ஆள் இல்லாத நேரத்தில் இரண்டும் ஒருபோதும் ஒரே அறையில் இருந்ததில்லை. நான் குளிக்கப் போனால்கூடக் குட்டி கூண்டுக்குள் போய்விடும். முதல் சந்திப்பை வீட்டில் வைக்காமல், இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பூங்காவில், சங்கிலியில் பிடித்தபடி பக்கம் பக்கமாக நடக்கவைத்துத் தொடங்கினோம். அலுப்புத் தரும் வேலை அது. ஆறு வாரமும் வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் நானும் கணவரும் மாறி மாறி விடுப்பு எடுத்தோம்.

டெரியர் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது என்பதும் என் கருத்து. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலுள்ள எல்லை மலைகளில் உருவான பார்டர் டெரியர், வேட்டைநாய்க் கூட்டத்தோடும் குதிரைகளோடும் சேர்ந்து நாள் முழுவதும் ஓட வேண்டிய நாய். கூட வரும் நாய்களோடு சண்டையிடும் டெரியருக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. நார்ஃபோக், நார்விச் டெரியர்களும் மற்ற நாய்களோடு ஒத்துப்போகும் என்று பெயர் பெற்றவையே. ஆனால் இவை மூன்றும் உங்கள் ஊரில் எளிதில் கிடைக்காது என்பதை அறிவேன். பார்டர் டெரியர் என்று பெயர் சொல்லி வேறு ஏதோ ஒன்றை யாராவது விற்றுவிடக் கூடாதே என்பதால் இதைச் சொல்லவே தயங்கினேன்.

மதுரைக் கால்நடை மருத்துவர்:

லீட்ஸ் அம்மையாருக்கு நன்றி. பார்டர் டெரியர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எட்டு வயது கிரேஹவுண்ட் பெரும்பாலும் நாளில் முக்கால் பாகம் தூங்கும் நாய் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வயது சிப்பிப்பாறை இன்னும் முழு வேகத்தில் இருக்கிறது. அதோடு, நீங்கள் இருவரும் ஆறு வாரம் செய்ததை வடவள்ளியில் யார் செய்வது? வலிக்கும் காலோடு அந்தப் பெரியம்மா எழுந்து போய் இரண்டையும் பிரிக்க முடியாது; பிரிக்கப் போகவும் கூடாது. சண்டையில் குறுக்கே கை நீட்டி, தன் சொந்த நாயிடமே கடிபட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலக்கணக்கு ஒன்றையும் பாருங்கள். 2022-இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி வெளியிட்ட ஆய்வில், ஒப்பிட்ட 18 இனங்களில் ஜாக் ரஸ்ஸலுக்குத்தான் ஆயுள் எதிர்பார்ப்பு மிக அதிகம், 12.7 ஆண்டுகள். உங்கள் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. அவள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்த நாய் உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில் இருக்கும்.

வடவள்ளிக்காரன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பொள்ளாச்சிக்காரரிடம் இன்று காலை பேசினேன். கண் பரிசோதனை பற்றிக் கேட்டதற்கு, "வாங்குகிற எண்ணம் இல்லாதவர்கள்தான் இப்படியெல்லாம் கேட்பார்கள்" என்றார். 56 நாள் வரை தாயோடு வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். அதற்குள் வேறு ஆள் வாங்கிவிடுவார் என்றார். வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்பணம் கொடுக்கவில்லை.

நேற்று இரவு மகளிடம் பூனைக்குட்டி விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். "எனக்கு அப்போதே தெரியும்ப்பா, பாட்டி சொல்லிட்டாங்க" என்றாள். என் அம்மாவைக் கேட்டதற்கு, தனக்கு நாய் பிரச்சினையில்லை, ஆனால் வெள்ளி மதிய நேரத்தில் தன் கட்டிலுக்கடியில் படுத்துத் தூங்குவதைக் கெடுக்கிற எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆறு வருடமாக அது நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு யோசனை மட்டும் இருக்கிறது. மைத்துனர் குடும்பத்தோடு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து நாள் தங்குகிறார்கள். அவர்களுடைய ஜாக் ரஸ்ஸலையும் கூட்டி வரச் சொல்லலாமா? அது ஆண், 4 வயது, கருத்தடை ஆனது. அந்த நாட்களில் வீட்டில் ஏழு பேர் இருப்போம் என்பதால் கண்காணிக்க ஆள் உண்டு. வெள்ளி எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று பார்த்துவிட்டு, பிறகு வளர்ந்த ஆண் நாய் ஒன்றைத் தத்தெடுப்பதா, அல்லது வெள்ளியின் காலம் வரை இப்படியே இருந்துவிடுவதா என்று முடிவெடுக்கலாம் என்று தோன்றுகிறது.

எலிப்பொறி:

நல்ல யோசனை, நண்பரே. உங்கள் மைத்துனரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். அவருடைய நாய் அங்கே அடுக்ககத்தில் வளர்வது. உங்கள் கேட்டுக்கும் தரைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தால் போதும், பத்தே நிமிடத்தில் மண்ணைத் தோண்டி வெளியே போய்விடும். பட்டாணி அப்படித்தான் ஒரு முறை பக்கத்துத் தெருக் கோழிக்கடை வரை போய் வந்தான். கேட்டுக்கடியில் செங்கல் அடுக்கிவிடுங்கள்.

மதுரைக் கால்நடை மருத்துவர்:

தாராளமாகச் செய்து பாருங்கள், ஐயா. வந்த நாய்க்கு வீட்டைக் காட்டுவதற்கு முன்பாக, இரண்டையும் தெருக்கோடியில் சந்திக்கவைத்து, ஆளுக்கொரு சங்கிலியாக அரை மணி நேரம் ஒரே திசையில் நடத்திவிட்டுச் சேர்ந்தே உள்ளே நுழையுங்கள். வெள்ளிக்கு இப்போதிலிருந்தே வாய்க்கூடை பழக்குங்கள். உள்ளே கொஞ்சம் தயிர்ச்சோற்றைத் தடவிக் காட்டினால் தானே மூக்கை விடுவாள். ஐந்து நாளும் தோட்டத்தில் இரண்டையும் சங்கிலி இல்லாமல் ஓடவிட வேண்டாம். மதியம் உங்கள் அம்மாவின் அறைக்கதவு, வந்திருக்கும் நாய்க்குச் சாத்தியே இருக்கட்டும். வெள்ளி உடலை விறைத்து, வாயை மூடி, கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தால், அங்கேயே நிறுத்திப் பிரித்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். உறுமினால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பொங்கல் என்பதால் இன்னொன்று: குழந்தைகள் மென்று போடும் கரும்புச் சக்கையை உடனுக்குடன் எடுத்து எட்டாத உயரத்தில் வையுங்கள். விருந்து வீட்டில் நாய்ச்சண்டை பெரும்பாலும் அந்த மாதிரிப் பொருளில்தான் தொடங்கும்.